ஒருநாளும் விட்டதில்லை

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு
நெட்டுக்குப்பம் டீக்கடை முன்னால்
நான்கு வண்டிகள் ஆற்றைப் பார்த்து நிற்கும்.
நான்கும் நான்கு சக்கரத்தாலும் இழுக்கிற ஜாதி.
அந்தக் குட்டை கியரைப் போட்ட நாட்களை எண்ண
ஒரு கை விரல் போதும்.
மற்ற நாளெல்லாம்
திருவொற்றியூர் ஹைரோட்டில்
கன்டெய்னர் லாரியின் முதுகை முகர்ந்தபடி
முதல் கியரில் ஊர்வலம்.

ஆனால் பேச்சு
பனிமலை ஏறி இறங்கும்.

துரைக்கண்ணுவின் ஃபார்ச்சூனருக்கு
கொடிக்கம்பி ஒன்றுதான் பாக்கி என்பான் எட்வின்.
எட்வினின் தார்
மேலே துணி, கீழே கடன் என்பார் துரைக்கண்ணு.
நஸ்ருல்லாவின் ஜிப்ஸி பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது.
"பென்ஷன் ஒழுங்கா வருதா பாய்?"
என் கூர்க்கா எருமை.
எருமைதான், சேற்றில் வந்து பார் என்பேன்,
சேற்றுப் பக்கம் போகாமலே.

எங்கள் சட்டம் எளியது.
என் வண்டி நின்றால் டீசலில் தண்ணீர்.
உன் வண்டி நின்றால்
அந்தக் கம்பெனியே அப்படித்தான்.

அண்ணா நகர் ஷோரூமில் ஒருமுறை
ஓட்டிப் பார்க்கக் கேட்டேன்.
படிவத்தில் முகவரி, தண்டையார்பேட்டை.
படித்த பையன்
நீட்டிய சாவியை
மெல்ல அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டான்.
மேனேஜர் வரட்டும் சார் என்றான்.
நான் எந்தக் கம்பெனி என்று
அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இதை டீக்கடையில் சொன்னதில்லை.

மார்கழி மழை. கொருக்குப்பேட்டை கேட் தாண்டி
முழங்கால் தண்ணீர்.
முழங்காலுக்குத்தான்.
கூரை வரைக்கும் மூச்சுக்குழல் வைத்த வண்டி,
ஆறு ஞாயிறு நான் அந்தக் குழலைப் பற்றியே பேசியிருக்கிறேன்,
ஒரு இருமல் இருமி
விளக்கெல்லாம் அணைத்துக்கொண்டது.
பின்சீட்டில் வேதா.
அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மெக்கானிக் தஸ்தகீருக்குப் போன் போட்டேன்.
எங்கள் நால்வரின் பாவமும் அறிந்தவர் அவர்.
யார் வண்டி எங்கே படுத்தது என்று
யாரிடமும் வாய் திறக்காதவர்.
அவர் வரவில்லை.
ரெண்டு மணிக்கு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
தோளில் படகுக் கயிற்றோடு
எட்வினை அனுப்பியிருந்தார்.

தார் முன்னால், எருமை பின்னால்.
"நியூட்ரல்ல வெய்ண்ணே" என்றான்.
வீட்டு வாசல் வரைக்கும்
வேறு ஒரு சொல் இல்லை.

மறுநாள் பானெட்டைத் திறந்தால்
எலி கடித்த ஒயர்.
எலி எந்தக் கம்பெனியையும்
பார்த்துக் கடிப்பதில்லை.
இருந்தாலும் அன்று முழுக்க
எலிமேல் பழி போட்டு
ஒரு வாக்கியம் ஒத்திகை பார்த்தேன்.

தேவைப்படவில்லை.
ஞாயிறு வந்தது.
"மழையில எப்படி?" என்றார் துரைக்கண்ணு.
"ஒருநாளும் விட்டதில்லை" என்றேன்.
எட்வின் கிளாசுக்குள் பார்த்தான்,
டீயில் எதுவோ மிதக்கிற மாதிரி.
நஸ்ருல்லா பாயும் பார்த்தார், அவர் கிளாசுக்குள்.
அவருக்கென்ன என்று அப்போது யோசிக்கவில்லை.

கயிறு இன்னும் என் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது.
ஏசி போட்டால்
வண்டி முழுக்கக் காசிமேடு.
அவன் கேட்கவில்லை,
நான் கொடுக்கவில்லை.

போன வாரம் வாய் தவறி,
இல்லை, தவறவில்லை,
எல்லார் முன்னாலும் சொன்னேன்:
"எட்வின் வண்டில ஹார்ன் நல்லாருக்கும்."

டீ ஆற்றுகிற கைகூட நின்றது.
நான்கு வருஷத்தில்
ஒருத்தன் இன்னொருத்தன் வண்டியைப் பற்றி
நல்லதாக ஒரு வார்த்தை.
"கம்பெனி மாறிட்டியாப்பா?" துரைக்கண்ணு.
"சேச்சே, ஹார்னைச் சொன்னேன்."

எட்வின் கிளாசைக் கீழே வைத்தான்.
காது மடல் சிவந்திருந்தது.

"அது கம்பெனி ஹார்ன் இல்லண்ணே" என்றான்,
"ஜி.பி. ரோட்ல வாங்கிப் போட்டது."